கொதித்தால் பசையாகிற பால்

அன்பும் பயமும் ஒன்றாகச் சேர்ந்து நான் கும்பிடுகிற என் அத்தைக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? எழுதியிருந்தாலும் மூன்று பேரிடம் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி, மூன்றும் ஒன்றுபோல இருந்தால்தான் நம்பியிருப்பீர்கள். இப்போது திருப்பிக் கேள்வி கேட்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மேட்டு வீட்டுப் பொன்னுசாமி மாமா விழுந்துவிட்டார், அத்தே. உங்களோடு ஓயாமல் வாய்ச்சண்டை போடுவாரே, அவர்தான். களத்தில் கால் இடறி, உங்களுக்கு உடைந்த அதே இடத்தில், இடுப்போடு தொடை சேருகிற எலும்பு உடைந்துபோனது. சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, எலும்பில் ஆணி வைத்துக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகிறது.

முந்தாநாள் அவருடைய மருமகள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "அக்கா, நீ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. இந்த டின்னுல என்னா எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லு. மாமனுக்கு ஒடம்பே தேற மாட்டேங்குது. ஒங்க அத்தைக்கு நீதான பாத்த?" என்றாள். டின்னை வாங்கி மூடியைத் திறந்தேன். அதற்குமேல் என் கை ஓடவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல, நம் வீட்டில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். மாட்டு நோய் வந்து நம் மூன்று எருமைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. இருபது வருஷம் பென்னாகரத்துத் தெருக்களில் தயிர்ப்பானை சுமந்த உங்களுக்குச் சுமக்கப் பானை இல்லை. வெறுமனே உட்காரத் தெரியாமல் வெறும் கொட்டகையைக் கழுவிவிடப் போனீர்கள். ஈரக்கல்லில் வழுக்கியது. நான் ஓடிவந்து தூக்கியபோது நீங்கள் அலறவில்லை. "இந்தக் கல்லுல எண்ண ஊத்துனது யாரு?" என்றுதான் கேட்டீர்கள்.

எண்ணெய் வாங்கவே வழியில்லாத காலம் அது. கல்லில் யார் எண்ணெய் ஊற்றப்போகிறார்கள்? ஆனாலும் என்னைத்தான் பார்த்தீர்கள்.

ரயிலேறிப் போய்ச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் நீளமாக ஒரு ஆணி இறக்கி இணைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், "ஆணி அடிச்சாங்களா, இல்ல அடிச்சோம்னு சொல்றாங்களா?" என்று உங்கள் மகனைத் துளைத்தெடுத்தீர்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது என் எலும்புதான்னு எப்பிடித் தெரியும்?" என்றீர்கள்.

கிளம்பும்போது அந்த டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "ஆணி எலும்பைப் புடிச்சுக்கும். ஆனா இந்தம்மா ஒடம்புல சதையே இல்ல. சதை ஏறலன்னா எழுந்து நிக்க மாட்டாங்க. புண்ணும் ஆறாது. இந்த வயசுல இடுப்பு ஒடைஞ்சவங்க பாதிப் பேரு சாப்பாடு பத்தாமத்தான் படுத்த படுக்கையாப் போறாங்க" என்றார். தினம் இரண்டு முட்டை, ஒரு கரண்டி மீன் எண்ணெய், மூன்று வேளை பால். பால் கிடைக்காவிட்டால் டின்னில் வருகிற பால்மாவு. துண்டுக் காகிதத்தில் எழுதியே கொடுத்தார்.

முட்டைக்கு நம் வீட்டுக் கோழிகள் இருந்தன. மீன் எண்ணெயை ஆஸ்பத்திரியிலேயே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாலுக்குத்தான் வழியில்லை. யுத்த காலத்தில் பால்மாவு டின் கண்ணில் காண்பதே அரிது. அப்போதுதான் என் அண்ணன் முருகேசன் வந்து, "நான் எதுக்கு இருக்கறேன்?" என்றார். தர்மபுரியில் ஒரு மளிகைக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். எப்படியாவது டின் வாங்கிக் கொடுப்பது தன் பொறுப்பு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அத்தே. உங்கள் வீட்டில் என் பிறந்த வீட்டுக்கு முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது என்று நினைத்தேன்.

மீன் எண்ணெயை நீங்கள் மறுக்கவே இல்லை. அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன், நீங்கள் ஒரே மடக்கில் விழுங்குவீர்கள். "இத்தினி நாத்தம் நாறுதுன்னா இது நெசந்தான். ஏமாத்தறவன் வாசனையாத்தான் செய்வான்" என்றீர்கள். பால்மாவைத்தான் முதல் நாளே சந்தேகப்பட்டீர்கள்.

டின்னில் எழுதியிருந்தபடி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். வெள்ளையாக இருந்தது. சர்க்கரை இனிப்பு. நீங்கள் பாதி குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து விரலை உள்ளே விட்டு அடியில் தங்கியிருந்ததை வழித்தெடுத்து, கட்டைவிரலால் தேய்த்தீர்கள்.

"இது பாலில்ல, மாவு" என்றீர்கள்.

"பேரே பால்மாவுதான அத்தே" என்றேன்.

"நான் பாலுல பொறந்து பாலுல வளந்தவ. எனக்கே சொல்றியா? அடுப்புல வெச்சுக் கொதிக்க வை. பாலுன்னா ஆடை படியும். பாக்கலாம்."

கொதிக்க வைத்தேன். ஆடை படியவில்லை. துணிக்குப் போடுகிற கஞ்சியைப்போல வழவழவென்று இறுகிக்கொண்டே வந்தது. உங்கள் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "சீமைச் சரக்கு அப்பிடித்தாம்மா இருக்கும். அதைக் கொதிக்க வெக்கக் கூடாதுன்னு இருக்கும்" என்றார். நீங்களோ தூளியில் கிடந்த என் செல்வியைப் பார்த்தீர்கள். அவளுக்கு அப்போது எட்டு மாதம். கன்னம் உப்பிக்கொண்டு வந்த சமயம்.

"டின்னுல நல்லதுதான் வந்திருக்கும். வூட்டுக்குள்ள வந்தப்பறம் மாறியிருக்குது" என்றீர்கள்.

அந்த வார்த்தையை நான் எப்படித் தாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் முலைப்பாலைக் குடித்து வளர்கிற பிள்ளை, அத்தே. உங்கள் பங்கைத் திருடி அவளுக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு மாவைக் கரைத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். அதைவிட, உங்கள் மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் டின்னை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாரே, அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முழுவதும் உங்கள் முன்னால் என் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே கூச்சமாக இருந்தது.

முதல் டின் முடிந்து இரண்டாவது வந்தது. அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை உங்கள் மகனே உங்கள் கண் முன்னால் மூடியைத் திறந்தார், அவரே கரைத்தார், அவரே அடுப்பில் வைத்தார். நான் கிட்டேகூடப் போகவில்லை. அதுவும் பசையாகத்தான் ஆனது.

பிறகு, "புள்ளைய இப்பிடிக் குடு" என்றீர்கள். செல்வியை வாங்கி உங்கள் பக்கத்தில் கிடத்திக்கொண்டீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது. உங்கள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஆபரேஷன் செய்த இடத்தில் ஒரு ஓரம் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து உட்காரவைத்தால் தலை தொங்கிப்போகும். ஏமாற்றியது அந்தக் கம்பெனிக்காரன்தான் என்று முடிவுகட்டினார் உங்கள் மகன். எனக்கு மட்டும் உள்ளே என்னவோ அரித்தது. அந்தப் பசையின் வாசனை எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அரைத்து, மாவைப் படியவைத்து எடுப்பார்கள். அதைக் காய்ச்சினால் வருகிற வாசனை.

ஒரு பிடி மாவை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் தர்மபுரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன டிஸ்பென்சரியில் வயதான நர்ஸம்மா ஒருவர் இருந்தார். அவர் என் மாவைத் தண்ணீரில் கரைத்து, புண்ணுக்குப் போடுகிற டிங்சரில் இரண்டு சொட்டு விட்டார். நல்ல நீலமாக மாறிக் கறுத்தது. பிறகு தன் அலமாரியிலிருந்த பால்மாவில் ஒரு சிட்டிகை கரைத்து அதிலும் விட்டார். அது மஞ்சளாகவே இருந்தது.

"இது கிழங்கு மாவும்மா. சர்க்கரை கலந்திருக்கறாங்க. பேருக்குக் கொஞ்சம் பால்மாவு இருக்கலாம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "டின்னைத் தொறந்தப்ப உள்ள தகரம் இருந்துச்சா?" என்று கேட்டார். திறக்காத ஒரு டின்னை எடுத்து மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிய தகடு ஒன்று வாயை மூடி ஒட்டியிருந்தது. கத்தியால் கீறினால்தான் மாவே தெரியும்.

நம் வீட்டுக்கு வந்த இரண்டு டின்னிலும் அந்தத் தகடு இல்லை. மூடியைத் திறந்ததும் மாவுதான். அப்படியென்றால் நம் வாசலுக்கு வருவதற்கு முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள். நம் வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஒருவர்தான்.

அங்கிருந்து நேராக அண்ணன் வேலை செய்த கடைக்குப் போனேன். சந்துக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் இல்லவே இல்லை என்றார். டிங்சர் விட்டதைச் சொன்னதும் முகம் மாறியது.

"நல்ல மாவை டீக்கடைக்காரனுங்க அடிச்சுப் புடிச்சு வாங்கறானுங்க. ஊரே இப்பிடித்தான் நடக்குது. கெழவி இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கப்போவுது? எதக் குடிச்சா என்னா?" என்றார். நான் அழுதுகொண்டே நின்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போயிச் சொல்லு. நல்லாச் சொல்லு. திருடன் தங்கச்சிய எவன் வூட்டுல வெச்சிருப்பான்? கையில புள்ளைய வெச்சுக்கிட்டு நீ எங்க போயி நிப்ப?" என்றார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போன அண்ணன் அவர். இப்படிப் பேசியவரும் அவரேதான்.

வீட்டுக்கு வந்து, "நர்ஸம்மா டின்னே வேணாம்னுட்டாங்க. கம்பெனிச் சரக்கே கெட்டுப்போச்சாம்" என்று மட்டும் சொன்னேன். உங்கள் மகன் நம்பினார். "பாவம், மச்சானையே ஏமாத்திட்டானுங்க" என்று என் அண்ணனுக்காக வருத்தப்பட்டார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்போதும் எனக்குப் பயம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே நன்றாகத் தெரியும். டின் இல்லாவிட்டால் முளைகட்டின கேழ்வரகுக் கூழும், கொள்ளுச் சாறும், வேர்க்கடலையும், வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுக்காலும் கொடு என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கரட்டுக் குன்று ஓரத்தில் ஆடு வைத்திருந்த மாதியிடம் போனேன். அவள் கேழ்வரகுக் கொல்லையில் தினம் காலையில் களை எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கு ஒரு சொம்பு ஆட்டுப்பால் கொடு என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள், நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கியோ கறந்த பாலை நான் குடிக்க மாட்டேன். ஆட்ட இங்க கூட்டியா. என் கண்ணு பாக்கக் கறக்கணும்" என்றீர்கள்.

மாதி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் விடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் கட்டில் காலில் கட்டிக் கறந்தாள். நுரை அடங்குவதற்குள் குடித்தீர்கள். முட்டையைக்கூட ஓடு உடையாமல் உங்கள் கையில் கொடுத்தால்தான் நிம்மதி. ஒரு மாதத்தில் கசிவு நின்றது. அடுத்த மாதம் தலை நிமிர்ந்தது. ஆடி பிறப்பதற்கு முன்னால் என் தோளையும் ஒரு தடியையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். உங்கள் நகம் என் தோளில் பதிந்தது. அந்தத் தழும்பு ஒரு வாரம் இருந்தது, நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கால் கடைசிவரை கொஞ்சம் சாய்ந்தே நடந்தது. அந்த முதல் இரண்டு மாதம் நல்ல பால் உள்ளே போயிருந்தால் நேராக நடந்திருப்பீர்களோ? டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது ஆடி நோம்பியன்று நடந்ததற்கு வருகிறேன். என் அண்ணன் வெற்றிலை பாக்கும் பழமும் ஒரு புது டின்னும் எடுத்துக்கொண்டு வந்தார். "இது பெங்களூர்ல இருந்து நேரா வந்தது. சுத்தமானது" என்றார். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"வா முருகேசு. வெயில்ல வந்திருக்க. காவேரி, அந்த டின்னத் தொறந்து ஒங்க அண்ணனுக்கு ஒரு டம்ளர் கலக்கிக் குடு" என்றீர்கள்.

"எனக்கு வேணாங்க. இப்பத்தான் டீ குடிச்சேன்."

"டீ மேல பாலு குடிச்சா என்னா ஆவுது?"

"எனக்குப் பாலு ஒத்துக்காதுங்க."

சின்ன வயதில் ஒரு சொம்புப் பாலை மூச்சு விடாமல் குடித்தவர் அவர். நீங்கள் அவரை மேலே வற்புறுத்தவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப போறப்ப எடுத்துக்கிட்டுப் போயிடு. எங்க வூட்டுல ஆடு இருக்குது" என்றீர்கள்.

அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, அத்தே? தெரிந்திருந்தால் ஏன் உங்கள் மகனிடம் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றினீர்களா, இல்லை, நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அதற்குப்பின் இரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டீர்கள். காய்ச்சல் வந்து படுத்த கடைசி நாட்களில்கூட நான் கொடுத்ததை மோந்து பார்க்காமல் குடித்தீர்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

முந்தாநாளுக்கு வருகிறேன். பொன்னுசாமி மாமாவின் மருமகள் கொடுத்த டின்னைத் திறந்தேன் என்றேன் அல்லவா? உள்ளே பாதிதான் மிச்சம் இருந்தது. வாயில் தகடும் இல்லை, கீறின விளிம்பும் இல்லை. "நீ தொறந்தப்ப உள்ள தகரம் இருந்துச்சா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். எங்கே வாங்கினது என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் கடையிலதாங்க்கா. ஒறவுக்காரரு, ஏமாத்த மாட்டாருன்னுதான் அங்க போனோம்."

அண்ணன் இப்போது தர்மபுரியில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். மூன்று வாரமாக மாமா இதைத்தான் குடித்திருக்கிறார். கட்டிலில் அவரைப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. உங்களோடு சண்டை போடுகிற குரல் போய்விட்டது. "ஒங்க அத்த இருந்தா என்னப் பாத்துச் சிரிப்பா" என்று முனகினார்.

உங்கள் மகனும் தன் பெரியப்பாவான மாமாவைப் பார்க்க அங்கே வந்திருந்தார். என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே அந்நியமாக இருந்தது. "அடுப்புல வெச்சுக் கொதிக்க வை" என்றேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இறுகியது. கரண்டியைத் தூக்கினால் கம்பியாக இழுத்தது.

"இது கிழங்கு மாவு. எங்க அண்ணன் வேலை. ஆறு வருசத்துக்கு முன்னால எங்க அத்தைக்கும் இதைத்தான் குடுத்தாரு" என்றேன்.

உங்கள் மகன் மட்டும் கேட்டார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியாதுங்க. தெரியுமான்னு எனக்குத் தெரியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நேற்று மதியம் சோறு போட்டேன். தட்டை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாப்பிட்டார். அவர் என்ன நினைத்திருப்பார்? இவள் இன்னும் எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறாள் என்றா? நினைக்கட்டும். அவர் அப்படி நினைப்பதில் தப்பில்லை.

செல்வி பள்ளிக்கூடம் போகிறாள். "அப்பா ஏன் பேசல?" என்கிறாள். மாதியின் ஆடு இன்று காலையிலிருந்து மேட்டு வீட்டுக்குப் போகிறது. பொன்னுசாமி மாமா சொம்பில் வந்தாலே போதும் என்கிறாராம். உங்களைப்போலக் கண் முன்னால் கறக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து நிற்பாரா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை கோயிலடியில் ஊர் கூடுகிறது. அண்ணனை வரச்சொல்லி ஆள் போயிருக்கிறது. அவர் வருவாரோ மாட்டாரோ. வந்தால் என் முகத்துக்கு நேரே இல்லை என்பார். தங்கச்சிக்குச் சொத்து ஆசை, அதனால் பழி போடுகிறாள் என்பார். பாதிப் பேர் நம்புவார்கள். என் அம்மா நேற்றே ஆள் அனுப்பி, கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் போகிறேன், அத்தே. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. தகடு இல்லாத டின்னையும், நீலமாகிப்போன டிங்சரையும், சந்தில் அவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதோடு உட்கார்ந்துவிட மாட்டேன். தெரிந்தும் ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் ஒருத்தி உண்டு, அவள் அன்றைக்கே பேசியிருந்தால் பொன்னுசாமி மாமா இந்த மாவைக் குடித்திருக்க மாட்டார் என்று சொல்வேன். அண்ணன் பெயரைச் சொன்ன அதே வாயால் அவள் பெயரையும் சொல்வேன்.

உங்கள் மருமகள்,
காவேரி